பொதியில் போகாத பட்டியல்

என் ராத்தாவுக்கு, என் மூத்த சகோதரிக்கு, பெனிசிலின் ஒத்துக்காது. ஏழாம் ஆண்டு படிக்கும்போது காய்ச்சலுக்குப் போட்ட ஓர் ஊசியில் முகம் வீங்கி, கண் இரண்டும் மூடி, மூச்சு இழுத்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு முறை அந்த மருந்து உடம்புக்குள் போனால் தன்னால் பொறுப்புச் சொல்ல முடியாது என்று டொக்டர் அன்றைக்கே வாப்பாவிடம் சொல்லி அனுப்பினார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதப்போவது ஜாவா என்ற கணினி மொழியில் நான் சேர்த்த ஒரேயொரு சொல்லைப் பற்றி. அந்தச் சொல் ராத்தாவை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைப் பற்றி.

நான் கல்முனையில் இருந்துகொண்டு புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் பக்கத்தில் இந்தத் தொழிலைச் சொன்னால், "அப்ப பிரிண்டர் திருத்துவீங்களா?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். திருத்துவேன். கோபம் வரும், ஆனாலும் திருத்துவேன். அப்படிப் பிரிண்டர் திருத்தப் போன இடத்தில்தான் ஒரு தனியார் கிளினிக்கின் வேலை கைக்கு வந்தது. கல்முனையில் தலைமை இடம், நற்பிட்டிமுனையில் ஒரு கிளை, அக்கரைப்பற்றில் ஆலையடிவேம்புக்குப் போகும் பாதையில் இன்னொரு கிளை. நோயாளி எந்தக் கிளைக்குப் போனாலும் அவருடைய விபரம் அங்கே திரையில் வரவேண்டும். அதுதான் நான் செய்து கொடுத்த சிஸ்டம்.

சேர்வர் கல்முனையில், கிளினிக்கை நடத்தும் டொக்டரின் அறைக்குப் பின்னால், குளிரூட்டி பூட்டிய ஒரு சின்ன அறையில் இருந்தது. கிளைகளில் இருப்பவை கிளையன்ட். கிளையில் நேர்ஸ் நோயாளியின் இலக்கத்தைத் தட்டினால், அந்த நோயாளி என்ற பொருள், ஜாவாவில் அதை ஒப்ஜெக்ட் என்போம், சேர்வரிலிருந்து புறப்பட்டு இணைய வழியாகக் கிளைக்குப் போகும். அப்படியே எழுந்து நடந்து போகாது. முதலில் அதைக் கழற்றி, வரிசையாக அடுக்கி, ஒரு பொதியாகக் கட்ட வேண்டும். அந்தப் பக்கம் பொதியை அவிழ்த்துத் திரும்பவும் பொருத்திப் பூட்ட வேண்டும். கட்டாரிலிருந்து நம் ஆட்கள் கப்பலில் சாமான் போட்டுவிடுவது மாதிரித்தான். எதைப் பொதியில் போடலாம், எதைப் போட முடியாது என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வகுப்பை, அதாவது பொருளை வார்க்கும் அச்சை, எழுதும்போது இதைப் பொதியாகக் கட்டலாம் என்று நீங்கள் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஒப்புதலுக்கு சீரியலைசபிள் என்று பெயர். உள்ளே இருக்கும் ஒவ்வொரு சாமானும் அந்த ஒப்புதலோடு இருக்க வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் முழுப் பொதியும் நின்றுவிடும்.

இதில் ஒரு பொல்லாத விஷயம் உண்டு. புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கும்போது ஜாவா இதைப் பெரும்பாலும் கண்டுபிடிப்பதில்லை. ஓடும்போதுதான், அதுவும் பொதி உண்மையில் கட்டப்படும்போதுதான் வாய் திறக்கும். கல்முனையில் டொக்டரின் திரை சேர்வர் இருந்த அதே கணினியில் ஓடியது. அங்கே பொதியே கட்டப்படுவதில்லை, பொருள் நேரே கைமாறும். அதனால் கல்முனையில் எல்லாம் சரியாக இருக்கும், கிளையில் விழுந்துவிடும். இந்தத் தொல்லைக்காகவே நான் ஒரு சோதனை எழுதி வைத்திருந்தேன். என்னுடைய வகுப்புகள் ஒவ்வொன்றையும் அது பொதியாகக் கட்டிப் பார்க்கும், அவிழ்த்துப் பார்க்கும். தடை வராவிட்டால் பச்சைப் புள்ளி, தடை வந்தால் சிவப்பு. அந்தச் சோதனையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கொழும்பில் வேலை செய்யும் கூட்டாளிகளுக்குக்கூட அனுப்பிக் காட்டியிருக்கிறேன்.

தொல்லை கிரந்தியில் தொடங்கியது. வெளியூர் ஆட்களுக்கு இதைச் சொன்னால்தான் விளங்கும். எங்கள் பக்கத்தில் உடம்பில் கடி, தடிப்பு, புண் ஆற மறுப்பது எல்லாவற்றுக்கும் காரணம் கிரந்தி. சூரை மீன் கிரந்தி, இறால் கிரந்தி, கணவாய் கிரந்தி, கத்தரிக்காயும் கிரந்தி. "உங்களுக்கு ஏதாவது ஒத்துக்காதா?" என்று நேர்ஸ் கேட்டால் ஆட்கள் மருந்தைச் சொல்ல மாட்டார்கள், ஒரு சந்தையையே சொல்லுவார்கள். நேர்ஸ்மாரும் பாவம், சொன்னதை எல்லாம் தட்டி வைத்தார்கள். கடைசியில் ஒவ்வாமை என்ற கட்டத்தில் மீன், மரக்கறி, கருவாடு என்று பத்து வரி ஓடும். அதற்கு நடுவில் எங்கேயோ ஒரு மருந்தின் பெயர் கிடக்கும்.

டொக்டருக்கு இது பிடிக்கவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"தம்பி, இது என்ன மீன் மார்க்கெட்டா? எனக்கு மருந்துப் பேர் மட்டும் இருந்தாக் காணும். இந்தச் சூரையையும் கணவாயையும் எடுத்துப் போடுங்க."

நியாயமான கதை. நான் ஒரு வடிகட்டி எழுதினேன். மருந்துப் பெயர்கள் அடங்கிய ஓர் அகராதிக் கோப்பை அது திறந்து வைத்துக்கொள்ளும். நேர்ஸ் தட்டியதை அதோடு ஒப்பிட்டு, மீன்களைத் தள்ளிவிட்டு, மருந்துகளை மட்டும் ஒரு பட்டியலாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அந்த வடிகட்டியை நோயாளியின் ஒவ்வாமை என்ற பொருளுக்குள் வைத்தேன். கல்முனையில் ஓட்டிப் பார்த்தேன். ராத்தாவின் விபரத்தைத்தான் எப்போதும் சோதனைக்கு எடுப்பேன், அதில் உள்ளது எனக்கு மனப்பாடம். முன்பு இறால், கருவாடு, அன்னாசி, பெனிசிலின் என்று இருந்த இடத்தில் இப்போது பெனிசிலின் என்ற ஒரு சொல் மட்டும் சிவப்பில் நின்றது. வடிவாக இருந்தது. இரண்டு கிளைகளுக்கும் புதியதை ஏற்றிவிட்டேன். அவசரத்தில் சோதனையை ஓட்டவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பதினொன்றரை மணிக்கு நற்பிட்டிமுனைக் கிளையிலிருந்து போன் வந்தது. அங்கே வேலை செய்தது திருக்கோவில் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் ஒரு நேர்ஸ். அதிகம் கதைக்காத பிள்ளை.

"சேர், ஒருத்தர்ட விபரமும் வருகுதில்ல. சிவப்பில என்னவோ இங்கிலீசில எழுதி வருகுது. இஞ்ச சனம் நிறைஞ்சு போய் இரிக்கு."

சேர்வரின் பதிவைத் திறந்து பார்த்தேன். என்னவென்று உடனே தெரிந்தது. திறந்து வைத்திருக்கும் கோப்பைப் பொதியில் கட்ட முடியாது. அது அந்தக் கணினியோடு ஒட்டிய சாமான். வடிகட்டிக்குள் அந்தக் கோப்பு இருந்தது, அதனால் வடிகட்டி போகாது, அதனால் ஒவ்வாமை போகாது, அதனால் நோயாளியே போக மாட்டார். சோதனையை ஓட்டினேன், ஒரேயொரு சிவப்புப் புள்ளி அதே இடத்தில் இருந்தது. வெளியே என் மனைவி குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள், நான் உள்ளே இருக்கிறேன் என்று நினைத்து.

"ஜும்ஆவுக்கு நேரமாகிட்டு. இன்னும் குளிக்கல்லயா நீங்க?"

இரண்டு வழி இருந்தது. ஒன்று, பட்டியலை வடிகட்டியிலிருந்து வெளியே எடுத்துத் தனியாக வைப்பது. அதற்கு ஒரு மணித்தியாலம் வேண்டும். மற்றது, ஒரு சொல். ஜாவாவில் டிரான்சியன்ட் என்று ஒரு சொல் இருக்கிறது. எதற்கு முன்னால் அதை எழுதுகிறீர்களோ, பொதி கட்டும்போது அதை விட்டுவிட்டுக் கட்டும். தடை சொல்லாது, சத்தம் போடாது. வடிகட்டிக்கு முன்னால் அந்தச் சொல்லைத் தட்டினேன். சோதனையை ஓட்டினேன். எல்லாம் பச்சை. கிளைக்குப் போன் பண்ணினேன். "இப்ப வருகுது சேர்" என்றார் அந்தப் பிள்ளை. குளித்து, வெள்ளைச் சேர்ட் போட்டு, குத்பா பிரசங்கம் தொடங்க முன்னமே பள்ளிவாசலில் இடம் பிடித்துவிட்டேன்.

என்னுடைய சோதனை கேட்ட கேள்வி, பொதி போய்ச் சேர்ந்ததா என்பது மட்டும். போட்டதெல்லாம் உள்ளே இருந்ததா என்று அது கேட்கவில்லை. நான்தான் அதைக் கேட்கும்படி எழுதவில்லை. பட்டியலையும் அந்த வடிகட்டிக்குள்ளேயே வைத்தவன் நான்தான். இதைவிட மோசமான இன்னொன்றும் இருந்தது. பட்டியல் இல்லாமல் வந்தால் திரையில் என்ன காட்ட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே எழுதி வைத்திருந்தேன். வெறும் கட்டமாக விட்டால் அழகில்லை என்று டொக்டர் சொன்னபடியால், அந்த இடத்தில் "இல்லை" என்று வரும்படி செய்திருந்தேன். எழுதும்போது அது மரியாதையான சொல்லாகத் தெரிந்தது.

அன்றிலிருந்து பத்து நாளும் நான் நல்ல பெயரோடு திரிந்தேன். கல்முனையில் டொக்டரின் திரையில் மருந்துகள் சரியாகத் தெரிந்தன, அவர் தோளில் தட்டினார். அக்கரைப்பற்றுக் கிளையிலிருந்து, இப்போது மீன் ஒன்றும் வருவதில்லை, நல்ல சுத்தம் என்று செய்தி அனுப்பினார்கள். அந்தச் செய்தியை மனைவிக்கும் காட்டினேன். நற்பிட்டிமுனைப் பிள்ளை ஒருநாள் வேறு ஏதோ கேட்க எடுத்துவிட்டு, போனை வைக்க முன் சிரித்துக்கொண்டு சொன்னார்.

"சேர், இந்த ஊரில இப்ப ஒருத்தருக்கும் கிரந்தி இல்ல. எல்லாருக்கும் இல்லை, இல்லை எண்டுதான் வருகுது."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. அவர் என்னிடம் பிழையைக் கையில் எடுத்துத் தந்தார். நான் வாங்கிப் பார்க்காமல் பகிடியாக எடுத்துக்கொண்டேன். மீன் போக வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்பட்டோம், மீன் போனதும் வேலை முடிந்தது என்று நம்பிவிட்டோம். கூடவே வேறு என்ன போயிருக்கும் என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பதினோராவது நாள், திங்கட்கிழமை, அக்கரைப்பற்றுக் கிளைக்குப் பிரிண்டர் பூட்டப் போனேன். பூட்டி முடித்து, ஒரு தாளை அடித்துப் பார்க்க வேண்டும் என்று பழக்கத்தில் ராத்தாவின் இலக்கத்தைத் தட்டினேன். தாள் வெளியே வந்தது. பெயர், வயது, முகவரி, இரத்த வகை. ஒவ்வாமை: இல்லை.

முதலில் வேறு யாருடையதோ என்று நினைத்தேன். இலக்கத்தை இரண்டாம் முறை தட்டினேன். அதே தாள். இன்னும் ஒருவரை, அதற்குப் பிறகு இன்னும் ஒருவரை எடுத்தேன். எல்லோருக்கும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை தட்டிய சொல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பத்து நாளாக இரண்டு கிளைகளிலும் வந்து போன அத்தனை பேரும் கண்முன்னால் வரிசையில் நின்ற மாதிரி இருந்தது. மறுபடி ராத்தாவின் தாளைப் பார்த்தேன். கீழே, கடைசி வரியில், அன்றைய திகதி இருந்தது. இடம் நற்பிட்டிமுனை, நேரம் காலை ஒன்பதே முக்கால். காலில் போத்தல் ஓடு வெட்டிய காயம், சீழ் பிடித்திருக்கிறது. மருந்து: கிளொக்சசிலின், ஐந்து நாளைக்கு.

கிளொக்சசிலின் என்பது பெனிசிலின் குடும்பம். மருந்து அகராதியை நானே கோப்பில் ஏற்றியவன், எனக்கு அது நன்றாகத் தெரியும். ராத்தாவுக்குத் தெரியாது. சின்னக் கடதாசி உறையில் குளிசையைப் போட்டு, சாப்பாட்டுக்கு முன் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். மணி பன்னிரண்டு ஐந்து.

ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. அவர் கணவர், என் மச்சானுக்கு எடுத்தேன், அவர் வயலில், போன் வேலை செய்யவில்லை. ளுஹர் தொழுகை நேரம், ராத்தா போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தொழுவார். தொழுது முடிந்து சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன் குளிசை. நற்பிட்டிமுனைக் கிளைக்கு எடுத்தேன், ராத்தாவின் வீடு அங்கிருந்து நடை தூரம்.

"மிஸ், திரையை நம்பாதீங்க. வாற ஒவ்வொருத்தரிட்டயும் வாயால கேளுங்க. காலையில கால் காயத்தோட வந்தவ என்ட ராத்தா. அவவுக்கு அந்தக் குளிசை ஆகாது. ஆரையாச்சும் வீட்ட அனுப்புங்க, இப்பவே."

அந்தப் பக்கம் கதிரை நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் போறன் சேர்" என்றார்.

மோட்டார் சைக்கிளில் ஏறினேன். அக்கரைப்பற்றிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் பாதையை நான் நூறு தடவை திட்டியிருக்கிறேன். ஊருக்கு ஊர் சந்தி, சந்திக்குச் சந்தி ஓட்டோ, பாடசாலைப் பிள்ளைகள். அன்றைக்கு ஒன்றையும் திட்டவில்லை. அட்டாளைச்சேனை கழிந்தது, ஒலுவில் கழிந்தது, நிந்தவூர் கழிந்தது. இரண்டு இடத்தில் ஓரமாக நிறுத்தி ராத்தாவுக்கு எடுத்தேன். பதில் இல்லை. வயல்வெளியில் வெயில் அப்படி எரிந்தது.

ஊர் எல்லைக்கு வந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கி டக் என்றது. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு நேரம் இல்லாமல் அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் சோற்றில் வைத்த கையும் நிற்கும். யாரோ மௌத்தாகிவிட்டார், இறந்துவிட்டார் என்று அர்த்தம். நானும் நிறுத்தினேன். மைக்கை ஊதினார்கள். ஜனாஸா அறிவித்தல் என்று தொடங்கினார்கள். பெயரைச் சொல்லும் முன் எந்த வீதி, யாருடைய பிள்ளை, யாருடைய உறவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார்கள். அந்த வரிசை இவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. கடைசியில் ஓய்வுபெற்ற ஒரு பாடசாலை அதிபரின் பெயர் வந்தது. நான் அவரிடம் படித்திருக்கிறேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன், அல்லாஹ்வுக்கு நன்றியாக, வாய்விட்டு. பக்கத்தில் நின்ற கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஒரு மனிதர் மௌத்தான செய்திக்கு அதையா சொல்லுவார்கள். வெட்கப்பட்டேன், ஆனால் அந்த நேரத்தில் என் நெஞ்சில் இருந்தது அதுதான்.

ராத்தாவின் வீடு நான் பிறந்து வளர்ந்த வீடு. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான் போகும், ஆண் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போவான். அந்த வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. குசினியில் சோறு போட்ட கோப்பை, பக்கத்தில் தண்ணீர், கடதாசி உறை. உறையைக் கொட்டி எண்ணினேன். ஒன்று குறைந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிச் சொன்னார்.

"உங்கட ராத்தாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க தம்பி. வெள்ளச் சட்ட போட்ட பிள்ள ஒண்டு ஓடி வந்தது. அது வரக்குள்ள இவ கதவடியில விழுந்து கிடந்தா. முகமெல்லாம் ஊதி. அந்தப் பிள்ளதான் ஓட்டோவில தூக்கிப் போட்டுக்கொண்டு போன."

ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விட இரண்டு மணித்தியாலம் ஆனது. அந்த இரண்டு மணித்தியாலமும் நான் வெளியே வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, அல்லாஹ்விடம் ஒரேயொரு கதையைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். மச்சான் வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்து பக்கத்தில் இருந்தார். இன்னும் பத்து நிமிடம் பிந்தியிருந்தால் என்று வெளியே வந்த ஆஸ்பத்திரி டொக்டர் தொடங்கினார், முடிக்கவில்லை. உள்ளே போனபோது ராத்தாவின் முகம் ராத்தாவின் முகமாக இல்லை. கண் இரண்டும் கீறு மாதிரி இருந்தது, உதடு புரண்டிருந்தது. ஒக்சிசன் முகமூடியைக் கையால் தூக்கிவிட்டு என்னோடு கதைக்கப் பார்த்தார்.

"கதைக்க வேணாம் ராத்தா" என்றேன்.

"எங்க போனாலும் நான் வாயால செல்லுவன்" என்றார், மூச்சு இழுத்து இழுத்து. "இஞ்ச மட்டும் செல்றதில்ல. உன்ட கொம்பியூட்டர்ல இரிக்கிதானே எண்டு. அந்தப் பிள்ள அதப் பாக்கல்ல போல."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் நிலையில் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். நல்ல காரணம், யாரும் பிழை சொல்ல முடியாத காரணம்.

அன்று பின்னேரமே கல்முனைக்குப் போய் அந்தச் சொல்லை எடுத்தேன். பட்டியலை வடிகட்டியிலிருந்து பிரித்துத் தனியாக வைத்தேன். சோதனையையும் மாற்றினேன். இப்போது அது பொதியை அவிழ்த்த பிறகு உள்ளே இருப்பதை முதலில் இருந்ததோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும். பட்டியல் வராவிட்டால் திரையில் "தெரியாது, கேட்கவும்" என்று பெரிய எழுத்தில் வரும். பிறகு, அந்தப் பத்து நாளில் இரண்டு கிளைகளிலும் மருந்து வாங்கியவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் போன் பண்ணிச் சுகம் கேட்டேன். எதற்குக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. கிளினிக்கில் இருந்து இவ்வளவு அன்பாக விசாரிக்கிறார்களே என்று சிலர் எனக்காக அல்லாஹ்விடம் துஆச் செய்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

கிளினிக் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேசையில் இருந்த பேனையைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, மெஷின்ல பிழ எண்டு வெளிய போனா மூணு இடத்தையும் மூடத்தான் வேணும். நீங்க திருத்திட்டீங்கதானே. மத்தத நான் பாத்துக்கொள்றன்."

அவர் பார்த்துக்கொண்டது எப்படியென்றால், மச்சான் சண்டைக்குப் போனபோது, நேர்ஸ் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் விட்டது அவவின் பிழை, மாதம் முடிய வேலையிலிருந்து நிற்பாட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். நானும் அந்த அறையில்தான் நின்றேன். மச்சான் தலையாட்டினார். நான் குளிரூட்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்தப் பிள்ளை ஓடிப் போயிருக்காவிட்டால் ராத்தா கதவடியிலேயே முடிந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் வாய் திறக்கவில்லை. இதற்கு நான் நல்ல காரணம்கூடத் தேடவில்லை.

மூன்று கிழமை கழித்து ராத்தாவின் காலுக்கு மருந்து கட்ட நற்பிட்டிமுனைக் கிளைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மச்சானுக்கு விருப்பமில்லை. ராத்தாதான் பிடிவாதமாக, தம்பி வேலை செய்யும் இடம், வேறு எங்கே போவது என்று கேட்டார். அந்தப் பிள்ளைக்கு அது கடைசிக் கிழமை. என்னைக் கண்டதும் எழும்பி நின்றார், பிறகு இருந்தார். ராத்தாவின் இலக்கத்தைத் தட்டினார். திரையில் பெனிசிலின் சிவப்பில் நின்றது. இருந்தும் நான் சொல்லிக் கொடுத்தபடி வாயால் கேட்டார்.

"மருந்து ஏதும் ஒத்துக்காம இரிக்காம்மா?"

ராத்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்ப கேக்குறயா? அண்டைக்கு இந்த வாய் எங்க போன? என்ட தம்பி கஷ்டப்பட்டு எல்லாத்தையும் இதுக்குள்ள எழுதி வெச்சிரிக்கான். கண்ணத் தொறந்து ஒருக்காப் பாத்திருந்தா நான் மௌத்துக்குப் போய் வந்திரிக்கத் தேவையில்ல."

அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். தட்டச்சுப் பலகையைப் பார்த்தபடி இருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும். திரையை நம்பாதீங்க என்று அன்றைக்கு நான் போனில் சொன்னதைக் கேட்டவர் அவர்தான். என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு வசனம் போதும். அதை அவர் சொல்லவில்லை. கண்ணில் நீர் முட்டி, கீழே விழாமல் நின்றது.

"ராத்தா" என்றேன். "அவவ ஏசாதீங்க. அண்டைக்கு இதில ஒண்டும் இருக்கல்ல. இல்லை எண்டுதான் காட்டின. நான் அவசரத்தில ஒரு சொல்லப் பிழையாப் போட்டுட்டன். உங்கட மருந்துப் பேர் கல்முனையிலயே நிண்டுட்டு, இஞ்ச வரல்ல. இவ பாத்துத்தான் இரிக்கா. நான்தான் பிழ. உங்களத் தூக்கிக்கொண்டு ஓடினதும் இவதான்."

ராத்தா திரையைப் பார்த்தார். அந்தப் பிள்ளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் வீக்கம் வற்றியிருந்தது, ஆனால் கண்ணுக்குக் கீழே இன்னும் கறுப்பு இருந்தது.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார்.

"அண்டைக்கே தெரியும்."

"நான் ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ளயா?"

"ஓம், ராத்தா."

அவர் மூச்சை ஒருமுறை இழுத்து விட்டார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசினால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன். சின்ன வயதில் நான் பிழை செய்தால் வாப்பாவிடம் சொல்லாமல் தானே காதைப் பிடித்துத் திருகி விடுகிறவர் அவர். அன்றைக்கு என்மேல் கையும் வைக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"நீ வெளிய நில்லு" என்றார். "நான் இந்தப் பிள்ளையோட கதைக்கோணும்."

நான் வெளியே போனேன். கதவை ராத்தாவே எழும்பி வந்து, கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு வந்து, சாத்தினார்.